காரும் நொண்டிய படம்

நொண்டி என்று சொல்லி ஒரு மனிதரைத் தள்ளிவிட்டார்கள். அவர் நொண்டியில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் வாசியுங்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கிறவர்கள், தாண்டியவர்கள், கரண்ட் இல்லாத வன்னியில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டிப் படம் பார்த்தவர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் போட்டுப் பாட்டுக் கேட்டவர்கள். சுற்றுகிற கை களைத்தால் பாடுகிற பெண்ணின் குரல் இழுபட்டு ஆம்பிளைக் குரலாகிவிடும். எல்லோரும் சிரிப்போம். பிறகு வேறொருவன் பெடலைப் பிடிப்பான், அவள் மறுபடியும் பெண்ணாகிவிடுவாள். மெசினின் வேகம் பிழைத்தால் மனிதர் மாறித் தெரிவார் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இது நடந்தது. அதுதான் என் கோபம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு. குளத்துத் தண்ணீரில் நெல் செய்யும் குடியேற்றத் திட்டத்தில் எங்கள் காணி. அப்பாவும் பெரியப்பாவும் இளந்தாரிகளாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்கள். இரண்டு காணியும் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்தான் இருந்தது. அது பெரியப்பாவின் வாய்.

பெரியப்பாவுக்கு மாடு பார்ப்பதில் பெரிய பெயர். உழவு மாடு, வண்டில் மாடு வாங்கப் போகிறவர்கள் தூர இடங்களிலிருந்தும் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் மாட்டின் பல்லைப் பார்க்க மாட்டார், கொம்பைப் பார்க்க மாட்டார். "நடக்க விடு" என்பார். அவ்வளவுதான். மாட்டுக்காரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடத்துவான், திருப்புவான், பக்கவாட்டில் நடத்துவான். பெரியப்பா குந்தியிருந்து குளம்பை மட்டும் பார்ப்பார். "பின்னங்கால் பிழை, விட்டிட்டு வா" என்றால் முடிந்தது. அவர் சொன்னது பிழையாகப் போனதாக நான் கேள்விப்படவில்லை. அதனால்தான் அவர் பிழைத்தபோது ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருசம் அக்காவுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கிளிநொச்சிப் பக்கம். குறிப்புப் பொருந்தியது. போட்டோ இங்கிருந்து போனது, அங்கிருந்து வந்தது. எல்லோருக்கும் சந்தோசம். அப்பா கடைக்குப் போகிற வழியில் ஆட்களை நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். அக்கா குசினியில் தேங்காய் துருவும்போது பாட ஆரம்பித்திருந்தார். அதை நான் கவனித்தேன். துருவலை வாயில் போட வந்தால் வழக்கமாக அகப்பைக்காம்பால் அடி விழும். அந்த மாதம் விழவில்லை.

பெரியப்பாதான் குறுக்கே விழுந்தார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் திட்டத்தின் அடுத்த யுனிற்றில் ஒரு பிள்ளையைப் போட்டோவைப் பார்த்து வெளிநாட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, போட்டோ பழசு, ஆள் அதைவிடப் பழசு.

"போட்டோவிலை ஆர்தான் வடிவில்லை?" என்றார் பெரியப்பா. "ஆளை நடக்க விட்டுப் பாக்கோணும். நடையிலை ஒண்டையும் ஒளிக்கேலாது."

"கனடாவிலை நிக்கிறவரை எப்பிடி அண்ணை இஞ்சை நடக்க விடுறது?" என்றார் அப்பா.

"வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. முன்னாலை ஒருக்கா, பின்னாலை ஒருக்கா, பக்கப்பாட்டிலை ஒருக்கா நடக்கட்டும்."

அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அவர் என்ன மாடே? என்னெண்டு நினைப்பினம்?" என்றார். பெரியப்பா காதில் விழாதது போல வெற்றிலையை மடித்தார். கலியாணத் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை மறுப்பார் என்றே நாங்கள் நினைத்தோம். மாப்பிள்ளை மறுக்கவில்லை. அவருக்கு அக்காவை அவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது ஒருவரும் அப்படி யோசிக்கவில்லை.

கசற் வருவதற்கு முன்னர் நடந்த இன்னொரு விசயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் படம் போடுவார். சைக்கிளில் தனியே வருவார். முன்னுக்கு வீடியோ டெக், பின் கரியரில் கம்பளியால் சுற்றிய ரீவி. அந்த ரீவிக்கு அலுமாரி போல இரண்டு சின்னக் கதவுகள் இருந்தன. படம் தொடங்க முன்னர் கதவைத் திறக்கும்போது ஒரு கிறீச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே பிள்ளைகள் வாயை மூடிவிடுவார்கள். டெக்கின் மூடியைக் கழற்றி, துணியில் ஓடிக்கொலோன் நனைத்து உள்ளே துடைப்பார். மண்ணெண்ணெய்ப் புகையும் ஓடிக்கொலோனும் கலந்த அந்த மணத்தை நான் பிறகு எங்கேயும் கண்டதில்லை. அந்த ரீவியும் இல்லை, டெக்கும் இல்லை, அவரும் ஒரு இடப்பெயர்வோடு எங்கோ போய்விட்டார்.

ஒரு நாள் பள்ளிக்கூட மண்டபத்தின் யன்னல்களைச் சாக்கால் மூடிப் பகலிலேயே படம் போட்டார். ஒரு ராசா குதிரை வண்டியில் ஓடுகிறார். வண்டி முன்னுக்குப் போகிறது. சில்லு பின்னுக்குச் சுற்றுகிறது. நான் எழும்பி நின்று கத்தினேன். பிறகு எல்லோரும் கண்டார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பெரியப்பாவும் இருந்தார், அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் தம்பி, உன்ரை ராசா போய்ச் சேருவாரோ, வீட்டை திரும்பி வருவாரோ?" என்று படம் போடுகிறவரைக் கேட்டார்.

"கமரா எங்களைப்போலப் பாக்கிறேல்லை அண்ணை. கோழி மாதிரிக் கொத்திக் கொத்தித்தான் பாக்கும். இடையிலை நடக்கிறது அதுக்குத் தெரியாது" என்றார் அவர். அதற்கும் சிரித்தார்கள்.

சில்லு பின்னுக்குச் சுற்றியதைப் பெரியப்பா தன் கண்ணால் கண்டவர். வண்டில் வைத்திருந்த மனிதர். எந்தச் சில்லு எப்படிச் சுற்றும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ரீவியில் தெரிவது பொய்யாக இருக்கலாம் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டவர், ஒரு மாதத்துக்குள் அதை மறந்துபோனார். சினிமாக்காரனின் சில்லு என்றால் பொய், மாப்பிள்ளையின் கால் என்றால் உண்மை. இது என்ன ஞாயம்?

கசற் வந்தது. கனடாக் கசற் எங்கள் நாட்டு டெக்கில் ஒழுங்காக ஓடாது. அதனால் மாப்பிள்ளையின் ஆட்கள் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்து எங்கள் ரகத்துக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் யாரோ வீட்டில் கிடந்து, சோதனைகளைத் தாண்டி, ஒரு சீலைக்குள் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தது. பெட்டி நசிந்திருந்தது. உள்ளே கசற் நல்லாக இருந்தது.

எங்கள் வீட்டில் போடவில்லை. கலியாணப் பொம்பிளை இருக்கிற வீட்டில் போட்டால் சரியில்லை என்று பெரியப்பா வீட்டு நெல்லு அறையில் வைத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. யன்னலுக்குச் சாக்குக் கட்டினார்கள். பெரியப்பா கதிரையில், அப்பா நெல்லு மூட்டைக்கு மேல், படம் போடுகிறவர் டெக்குக்குப் பக்கத்தில். ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றுவதற்காக என்னை வாசலில் விட்டிருந்தார்கள். படம் தொடங்கியதும் நான் மெல்ல உள்ளே நழுவினேன். அக்கா எங்கள் வீட்டில் இருந்தார். மாப்பிள்ளையைப் பார்க்கிற இடத்துக்குக் கட்டப்போகிறவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

முதலில் மழை போலக் கோடு ஓடியது. பிறகு வெள்ளை. எல்லாம் பனி. ஒரு செங்கல் கட்டடம், அதற்கு முன்னால் துப்புரவாக்கிய ஒரு நடைபாதை, அதற்கு அப்பால் ரோட்டு. மாப்பிள்ளை கறுப்பு நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். தலையில் ஒன்றும் இல்லை. காது சிவந்திருந்தது. வாயிலிருந்து புகை வந்தது. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் விட்டார், எடுத்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.

எங்களை நோக்கி நடந்தார். திரும்பிப் போனார். பக்கவாட்டில் நடந்தார். பாவம் மனுசன், கேட்டபடியே செய்தார். இடையில் படம் எடுத்தவரைப் பார்த்து ஒரு தரம் சிரித்தார்.

பெரியப்பா கதிரையை விட்டு இறங்கி, ரீவிக்கு முன்னால் குந்தினார். மாட்டைப் பார்க்கிற அதே குந்தல்.

"நடை பிழை" என்றார்.

அப்பாவின் முகம் விழுந்தது. "குளிருக்கு அப்பிடி நடக்கிறாரோ தெரியாது அண்ணை."

"குளிரெண்டா ரெண்டு காலும் கோணோணும். உது வலது கால் மட்டும். ஊண்டேக்கை தவறுது, பார். திருப்பிப் போடு தம்பி."

திருப்பிப் போட்டார். எனக்கும் தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். இடது கால் ஒழுங்காக விழுந்தது. வலது கால் தரையைத் தொடுகிற நேரம் ஆள் ஒரு வெட்டு வெட்டினார். இடது, வெட்டு, இடது, வெட்டு. எங்கள் ஊரில் ஒரு கால் குட்டையான ஆட்கள் நடக்கிற மாதிரியே இருந்தது. அப்பாவும் கண்டுவிட்டார். கண்ட பிறகு காணாமல் இருக்க முடியாது.

ஆனால் நான் பிள்ளை. மாப்பிள்ளையின் கால் எனக்கு எதற்கு? நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். ரோட்டில் ஒரு சிவப்புக் கார் போனது. வெள்ளைப் பனிக்குள் அந்தச் சிவப்பு அவ்வளவு வடிவாக இருந்தது. அந்தக் கார் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. மறுபடி வழுக்கியது, மறுபடி பாய்ந்தது.

"பெரியப்பா, காரும் நொண்டுது" என்றேன்.

ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு படம் போடுகிறவர் சிரித்துவிட்டார்.

"எந்தக் காலடா? முன்னங்காலோ, பின்னங்காலோ?" என்றார் பெரியப்பா.

"உண்மையாத்தான். கெந்திக் கெந்திப் போகுது. பின்னாலை பாருங்கோ."

"டேய், உவனை ஆர் உள்ளை விட்டது?"

அப்பா என் காதைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார். "இஞ்சை கண்டதை வீட்டை போய்க் கதைச்சியோ, பல்லைக் கழட்டுவன்" என்றார். அவர் என்னை அப்படிப் பேசுகிறவர் இல்லை. கண் கலங்கியிருந்தது. அதனால் எனக்குப் பயம் கூடியது.

வாசலில் நின்றபடி நான் கடைசியாகக் கண்டது இதுதான்: மாப்பிள்ளை நடந்து முடித்து, கமராவுக்குக் கிட்ட வந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஜெனரேற்றர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "காணும், நிப்பாட்டு" என்றார் பெரியப்பா. நிப்பாட்டினார்கள். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

கமரா கொத்திப் பார்க்கும் என்று சொன்ன அதே ஆள் பக்கத்தில் இருந்தார். வாயே திறக்கவில்லை. பெரியப்பாவோடு யார் பகைப்பது?

தரகரிடம், குறிப்பைத் திரும்பவும் பார்த்தோம், பொருந்தவில்லை என்று சொன்னார்கள். மாப்பிள்ளையை நொண்டி என்று சொல்லி நோகப் பண்ணக் கூடாதாம். அதில் மட்டும் மரியாதை பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதையையே எடுக்கவில்லை. அக்கா குசினியில் பாடுவதை நிறுத்தினார். சில நாள் முகம் வீங்கியிருந்தது. பிறகு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் முடிவெடுத்தோம்.

கசற்றைத் திருப்பி அனுப்பவும் இல்லை. நெல் பால் பிடித்துக் குருவி விழுகிற நேரம் பெரியப்பா அதை உடைத்தார். உங்களுக்குத் தெரியும், கசற் ரேப்பை இழுத்து வயலுக்குக் குறுக்கே கட்டினால் காற்றில் ஊளையிடும், வெயிலில் மினுங்கும், குருவி வராது. பாட்டுக் கசற் ரேப்பை விட வீடியோ ரேப் அகலம், சத்தமும் கூட. மாப்பிள்ளையின் நடை முழுவதையும் வரம்புக்கு வரம்பு கட்டினார்கள். அக்கா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது தலையைக் குனிந்து அதற்குக் கீழேதான் போய் வந்தார். அது என்ன ரேப் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் பல்லைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மூன்று வருசத்துக்குப் பிறகு அக்காவை உள்ளூரில் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெரியப்பா அவரையும் நடக்க விட்டுப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார். கடைசிச் சண்டையில் அந்த நல்ல காலில் ஒன்று முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அக்காவின் மூத்தவனும் அதே நாளில் போய்விட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இப்போது தர்மபுரத்தில் இருக்கிறார்கள். அத்தான் பொய்க்காலோடு வயல் செய்கிறார். இளையவள் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு முன்னர், சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில் அந்தக் கனடா மாப்பிள்ளையை நான் ஒரு தரம் கண்டேன். கிளிநொச்சிச் சந்தையில், பெண்சாதி பிள்ளைகளோடு ஊர் பார்க்க வந்திருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஆனால் ஆள் அதே ஆள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நான் காலைப் பார்த்தேன். இரண்டு காலும் ஒழுங்காக இருந்தன. வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன்.

"அங்கை ஒப்பரேசன் செய்து திருத்தியிருப்பாங்கள்" என்றார் பெரியப்பா. செத்துப்போகும் வரையில் அந்த மனிதர் அதையே சொன்னார். நானும் அரைகுறையாக நம்பினேன். என் கண்ணாலும் கண்டிருந்தேனே.

போன மாதம் வரையில் அப்படித்தான்.

நான் கிளிநொச்சியில் கடை வைத்துத் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். மகள் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பகல் முழுக்க அதில் கேம் விளையாடுவாள். நான் ஏசுவேன், அவள் திருப்பிப் பேசுவாள். அன்றைக்கும் ஏசத்தான் போனேன். திரையில் ஒருவன் துவக்கோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"சனியன், நொண்டுது" என்றாள்.

"ஆர் நொண்டுறது?"

"இவன்தான். பாருங்கோ, ஓடேக்கை இடைக்கிடை வெட்டுது. கொம்பியூட்டர் காணாதப்பா. பிரேம் விழுது."

நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பிரேம் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் நம்பாமல் பார்த்துவிட்டுச் சொன்னாள். திரையில் ஒன்றும் அசைவதில்லை. அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது, கண்தான் சேர்த்துக்கொள்கிறது. ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு, "இது செக்கனுக்கு முப்பது படம்" என்றாள். அவன் ஓடினான். மறுபடி மாற்றினாள். "இப்ப அறுபது." அதே ஓட்டம்தான். எண்ணெய் விட்ட பம்பு மாதிரி வழுவழுவென்று ஓடினான். எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

"சினிமாவிலையும் அறுபதோ?"

"இல்லை. இருபத்துநாலுதான்."

"பிறகென்னெண்டு அது வெட்டாமல் ஓடுது?"

"சினிமாவிலை ஒவ்வொரு படத்திலையும் அசைவு கொஞ்சம் கலங்கிப்போய் இருக்கும். கையை வீசினா கை இழுபட்ட மாதிரி விழும். கலங்கினதைக் கண் சுகமா ஒட்டும். கேமிலை ஒவ்வொரு படமும் துப்புரவா இருக்கிறபடியா இடைவெளி தெரியுது. ஆனா அதைவிடப் பெரிசு வேறை ஒண்டு இருக்கப்பா. குறைவா வந்தாலும் ஒரே சீரா வந்தாக் கண் பழகியிடும். நிறைய வந்தும் சீர் கெட்டா, அங்கைதான் கண்ணிலை இடறும். இவன் அதுதான் நொண்டுறான். செக்கனுக்கு ஒருக்கா ஒரு கொத்துப் படம் விடுபட்டுப் போகுது."

செக்கனுக்கு ஒரு தரம். நான் அவளிடம் அந்தக் கசற் கதையைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கேமை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கனடாக் கசற், கொழும்பில் மாற்றியது என்றதும் போனை எடுத்துத் தேடினாள்.

"அங்கத்தை வீடியோ செக்கனுக்கு முப்பது படம். எங்கடை இருபத்தஞ்சு. அப்ப மாத்தேக்கை அஞ்சைக் குறைக்கோணும். நல்ல மெசின் எண்டாப் பரவலா எடுக்கும். கூடாத மெசின் அஞ்சையும் ஒரே இடத்திலை வெட்டி எறியும்."

"அதுக்கு?"

"எழும்பி வெளியிலை வாங்கோ."

வாசலில் என்னை நடக்கச் சொன்னாள். கேற்றிலிருந்து மாமரம் வரைக்கும். போனில் எடுத்தாள். எனக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே கொண்டுபோய்க் கொம்பியூட்டரில் போட்டு, ஒவ்வொரு செக்கனிலும் கொஞ்சப் படங்களை வெட்டினாள். "சும்மா நடக்கிற ஆள் ஒரு வலது காலிலையிருந்து அடுத்த வலது காலுக்கு வாறதுக்குக் கிட்டத்தட்ட ஒரு செக்கன்தான் அப்பா. அப்ப வெட்டு எப்பவும் ஒரே காலிலை விழும். நிறைய நேரம் நடந்தா மாறிப் போகும். கொஞ்சத் தூரத்துக்கு மாறாது" என்று சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டினாள்.

நான் நொண்டினேன். இடது, வெட்டு, இடது, வெட்டு. அச்சொட்டாக அதே நடை.

மனைவி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "எப்ப காலை அடிச்சனீங்கள்?" என்றார்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பின்னால் ஒழுங்கையில் போன நாயும் கெந்தியது.

"கசற் கையிலை இல்லை. இப்பிடித்தான் நடந்ததெண்டு நான் அடிச்சுச் சொல்லேலாது" என்றாள் மகள். அவள் சொல்லத் தேவையில்லை. கார் நொண்டியதை நான் கண்டவன்.

ஒரு கடைக்காரனின் கூடாத மெசின். ஒரு மாடு பார்க்கிறவரின் பிடிவாதம். இந்த இரண்டுக்கும் நடுவில் என் அக்காவின் சீவியம். அவர் போயிருந்தால் அந்தக் கடைசி மாதங்களில் இங்கே நின்றிருக்க மாட்டார். பங்கருக்குள் பிள்ளையைப் பறிகொடுத்திருக்க மாட்டார். இதை வாய்விட்டுச் சொன்னேன்.

"அக்காட்டைப் போய்ச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் மனைவி. "முடிஞ்ச கதை. சொல்லி என்ன காணப்போறியள்? மூத்தவனைத் திருப்பிக் குடுப்பியளோ?"

"மாமிக்குத் தெரியோணும்" என்றாள் மகள்.

"நீ பேசாமல் இரு. உன்ரை கேமாலைதான் வந்தது."

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்மபுரம் போனேன். அறுவடை நேரம். அத்தான் வெட்டு மெசினோடு வயலில் நின்றார். அக்கா முற்றத்தில் நிழலில் இருந்து கிழிந்த சாக்குகளுக்குப் பொத்தல் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

"என்னடா இந்த நேரத்திலை? கடையிலை சண்டையோ?"

"இல்லையக்கா. உங்களோடை ஒண்டு கதைக்கோணும்."

முப்பது, இருபத்தைந்து, வலது கால், செக்கன் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் சொன்னது போல ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. முற்றத்தில் கால் கோணி நடந்தும் காட்டினேன். அக்கா தைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கொண்டும் விளங்கேல்லை. ஆர் நொண்டி?"

"அந்தக் கனடா மாப்பிள்ளை. அவர் நொண்டியில்லை எண்டதைத்தானே சொல்லுறன்."

"அவரை ஆர் நொண்டியெண்டது?"

"பெரியப்பாதான். வீடியோவைப் பாத்திட்டுக் கால் பிழையெண்டு சொன்னார். அதாலைதானே வேண்டாமெண்டது."

ஊசி நின்றது. "ஆர் வேண்டாமெண்டது?"

"எங்கடை ஆக்கள்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் அக்காவுக்குத் தெரியும் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"அந்தப் பக்கம் சரிவரேல்லையாம் எண்டு அம்மா சொன்னவா. அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் சாக்கைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப அவர் மாட்டனெண்டு சொல்லேல்லையோ?"

"இல்லையக்கா. அவர் பனிக்குள்ளை வெறுந்தலையோடை நடந்து காட்டினவர்."

"நொண்டியெண்டாத்தான் என்னடா?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "என்ரை மனுசன் ஒரு காலோடை வயல் செய்யிறார். நான் என்ன விட்டிட்டே போனனான்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ. அவையும் காலைப் பற்றித்தான் கதைச்சவை. நீயும் இப்ப வந்து மெசினைப் பற்றிக் கதைக்கிறாய்."

பெரியப்பாவின் மேல் இருந்த கோபத்தை அங்கே எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

"நான் கறுப்பெண்டு வேண்டாமெண்டிட்டாராக்கும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். "எனக்கு அந்தப் போட்டோ எடுத்தது உச்சி வெய்யிலுக்கை. பின்னேரம் எடுப்பம், முகம் கொஞ்சம் வெளிச்சமா விழும் எண்டு அம்மாட்டைச் சொன்னனான். அவா கேக்கேல்லை. பின்னேரம் எடுத்திருந்தா ஓமெண்டிருப்பார், நானும் போயிருப்பன் எண்டு பிறகு பிறகு யோசிப்பன். மூத்தவனை மண்ணிலை தாட்ட அண்டைக்கும் அதைத்தான் யோசிச்சனான்."